கெபி எதிர் வீட்டுக்கு ஐந்து ஆர்டர்

அன்று வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் மனைவி, குறிஞ்சிப்பாடியில் பஞ்சர் கடை வைத்திருக்கும் அவளுடைய தம்பி, அந்தத் தம்பியின் மனைவி, மீன் மார்க்கெட்டில் கடை போடும் பக்கத்து வீட்டு அக்கா. ஆளுக்கொரு போன். ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் ரெண்டாம் பூசை முடிந்ததும் எல்லோரும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். சார்ஜருக்குப் பிளக் போதவில்லை என்று நான் ஃபேனைக் கழற்றி வைத்திருந்தேன்.

"மிஷின் வர்றதுக்குள்ள நாங்க கருவாடா ஆயிடுவோம் தம்பி" என்றார் அக்கா என்னிடம், முந்தானையால் விசிறிக்கொண்டே.

மிஷின் என்றால் ஜெராக்ஸ் மிஷின். சிதம்பரத்தில், அண்ணாமலை நகர் போகிற வழியில், நான் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். எட்டாவதோடு நின்றவன் நான். காலேஜ் பிள்ளைகளின் ப்ராஜெக்டைப் பிரிண்ட் எடுத்து, பைண்டிங் பண்ணி, அட்டையில் தங்க எழுத்து போட்டுக் கொடுப்பேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குப் புரியாது. பக்கம் மாறியிருந்தால் மட்டும் உடனே தெரிந்துவிடும்.

ப்ராஜெக்ட் கொடுக்கும் சமயம் பார்த்துப் பழைய மிஷின் படுத்துவிட்டது. மெக்கானிக் திறந்து பார்த்தார், மூடினார். "இதுக்கு மேல இதுல காசு போடாதீங்கண்ணே" என்றார். இருபத்தாறு பிள்ளைகளிடம் ஆளுக்கு முந்நூறு அட்வான்ஸ் வாங்கியிருந்தேன். இன்னும் பத்து நாளில் முடித்துத் தர வேண்டும். கடைவாடகை மூன்று மாதம் நின்றிருந்தது. இந்தப் பத்து நாளை விட்டால் கடை இல்லை.

புது மிஷின் கடையில் முப்பத்து நாலாயிரம். தவணைக்குக் கேட்டேன், எப்போதோ கட்டாமல் விட்ட பைக் தவணையைக் காட்டி மறுத்துவிட்டார்கள். அப்போதுதான் போனில் பார்த்தேன். அதே மிஷின், ஆன்லைனில், இருபதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. ஆனால் மெம்பர்களுக்கு மட்டும். ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்குத் திறக்கும். ஒரு மெம்பருக்கு ஒன்றுதான். பொருள் வந்த பிறகு பணம் கொடுத்தால் போதும். மெம்பர் ஆக ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்று ஒன்பது ரூபாய்.

நான் ஒருவன் மெம்பர் ஆகியிருந்தால் போதும். ஆனால் போன தடவை இதே மாதிரி ஒரு தள்ளுபடியில், நான் பின்கோடு அடித்து முடிப்பதற்குள் சரக்கு தீர்ந்துவிட்டது. அது மனதை விட்டுப் போகவே இல்லை. என் போன் நின்றுவிட்டால்? டவர் போய்விட்டால்? கை நடுங்கினால்? வெள்ளிக்கிழமை இரவு முழுக்க யோசித்து, ஐந்து பேரையும் மெம்பர் ஆக்குவது என்று முடிவு செய்தேன். ஐந்து பேருக்கும் ஏழாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்று ஐந்து. மனைவியின் தம்பி, என் மச்சானிடம் கடன் கேட்டேன். ஏழாயிரத்து ஐநூறாக அனுப்பிவைத்தான்.

"பதிமூணாயிரம் மிச்சம் பண்றதுக்கு ஏழாயிரத்து ஐநூறு செலவா?" என்றாள் மனைவி.

"அப்பவும் லாபந்தானே?"

"லாபத்த உங்க மூஞ்சில காணோமே."

சனிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை வைத்தேன். பாத்திரம் தேய்க்கிற நாரை ஐந்து பேரும் போனில் தேடி எடுத்து, ஆர்டர் போடும் கடைசிப் படி வரைக்கும் போய், அமுக்காமல் திரும்பி வர வேண்டும். மூன்று முறை போய் வந்தோம். மூன்றாவது முறை அக்கா அமுக்கிவிட்டார். பன்னிரண்டு நார், நூற்று இருபது ரூபாய்.

"போவட்டும் விடு, வீட்டுக்கு ஆவும்" என்றார். மச்சானுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக்கு இவர் வேறு எதையாவது அமுக்கிவிட்டால் என்ன செய்வது என்றுதான் ஓடியது.

விலாசத்தையும் அன்றைக்கே எல்லோரின் போனிலும் ஏற்றி வைத்தேன். எங்கள் தெருவில் கதவு எண் பழையது ஒன்று, புதியது ஒன்று, மாநகராட்சி ஆன பிறகு ஒட்டியது ஒன்று. எங்களுக்கு எதிரில் மாதா சிலை வைத்த குகை மாடம், கெபி, இருக்கிறது. அதனால் யாருக்குப் பார்சல் வந்தாலும் 'மாதா கெபி எதிர் வீடு' என்று எங்கள் வீட்டைத்தான் போடுவார்கள். கூட, பகலில் வீட்டிலேயே இருக்கும் என் மனைவியின் நம்பர். தெருவே இப்படித்தான் வாங்கிக்கொண்டிருந்தது. மச்சான் மட்டும் "எங்க வூட்டு விலாசமே போடறேன் மாமா, வந்தா வண்டியில எடுத்தாந்துடறேன்" என்றான்.

"வாணாம் மச்சான். குறிஞ்சிப்பாடிக்குப் போயி, அங்கேர்ந்து வண்டில வந்து, வழியில இடிபட்டா? இங்கயே வரட்டும்."

என் வாயால்தான் சொன்னேன்.

ஞாயிறு பன்னிரண்டு அடித்தது. எல்லாம் அந்த ஒரே நிமிடத்தில் நடந்தது. முதலில் மச்சான் மனைவி, "அண்ணா, எனக்கு ஆயிடிச்சி!" என்று கத்தினாள். அடுத்து மச்சான். அடுத்து என் மனைவி. அக்கா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நிதானமாக அமுக்கினார், அவருக்கும் ஆகிவிட்டது. கடைசியில் எனக்கும். ஐந்து பேருக்கும் கிடைத்துவிட்டது.

ஃபேனைப் போட்டோம். மனைவி எல்லோருக்கும் மோர் கொண்டுவந்தாள். அன்றைக்கு நான் சிரித்தது அந்தப் பத்து நிமிடம்தான்.

"செரி மாமா, ஒண்ண வச்சிகினு மீதி நாலையும் கேன்சல் பண்ணிடலாம்" என்றான் மச்சான்.

பேசி வைத்ததும் அப்படித்தான். ஆனால் விரலை வைக்கப் போன நான் போனைக் கீழே வைத்துவிட்டேன். எந்த ஒன்றை வைத்துக்கொள்வது? வைத்துக்கொண்ட அந்த ஒன்று உடைந்து வந்தால்? வழியில் தொலைந்தால்?

"இருக்கட்டும் மச்சான். எது முன்னாடி வருதோ அத வாங்கிக்கலாம். மீதிய வாசல்லயே திருப்பி அனுப்பிடலாம்."

"என்னா மாமா, அஞ்சி மிஷின் வாசல்ல வந்து நின்னா என்னா பண்ணுவ?"

"ஒருநாள் பொறு. கெளம்பிடிச்சின்னு மெசேஜ் வரட்டும். அப்பறம் பண்ணலாம்."

"இவுரு கல்யாணத்துக்கே ரெண்டு தாலி வாங்கி வச்சிருப்பாரு, ஒண்ணு தொலஞ்சா ஒண்ணுன்னு" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். யாரும் கேன்சல் பண்ணவில்லை. நான் பண்ண விடவில்லை.

திங்கட்கிழமை காலை சிதம்பரம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஆலப்பாக்கம் தாண்டும்போது மனைவி போன் செய்தாள். "என்னங்க, மெசேஜா வருது. கேன்சல்னு போட்டிருக்கு. ஒண்ணு இல்ல, அஞ்சும்."

பஸ்ஸிலிருந்தே கம்பெனி நம்பருக்குப் போட்டேன். அரை மணி நேரம் பாட்டு ஓடியது. பிறகு ஒரு பெண் பேசினார், மரியாதையாகத்தான் பேசினார். ஐந்து கணக்கு, ஒரே விலாசம், ஒரே போன் நம்பர், ஒரே நிமிடம், ஒரே மிஷின். விற்பதற்காக வாங்கும் வியாபாரி என்று எடுத்துக்கொண்டு ஐந்து கணக்கையும் நிறுத்திவிட்டார்களாம்.

"வியாபாரி இல்லம்மா. எங்க தெருவுல எல்லாரும் கெபி எதிர் வூட்டத்தான் போடுவாங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும்மா."

"புரிகிறது சார். ஆனால் இனிமேல் எதுவும் செய்ய முடியாது சார்."

மெம்பர் பணமாவது திரும்புமா என்று கேட்டேன். மெம்பர் விலையில் ஏற்கெனவே ஆர்டர் போட்டுவிட்டதால் திரும்பாது என்றார். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றும் கேட்டார். முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை கடைக்குப் போகவில்லை. போய் என்ன திறப்பது? பதினோரு மணிக்கு வாசலில் பைக் நின்று, "பார்சல்!" என்று குரல் கேட்டது. ஐந்தில் ஒன்று எப்படியோ தப்பி வந்துவிட்டது என்றே நினைத்தேன். பீரோவில் எண்ணி வைத்திருந்த இருபத்தோராயிரத்தை அப்படியே அள்ளிக்கொண்டு ஓடினேன். பைக்காரர் ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டி, "நூத்தி இருவது ரூபா" என்றார்.

அக்காவின் நார். அந்த விலாசத்துக்கு அதுமட்டும் சரியாக வந்து சேர்ந்தது.

அந்த இருபத்தோராயிரத்தில் ஏழாயிரத்து எண்ணூறு, பிள்ளைகளின் அட்வான்ஸ் என்று திரும்பிப் போனது. ஒரு பெண் மட்டும் காசை வாங்கிக்கொண்டு, "இப்ப நான் எங்கண்ணா போவேன்?" என்று கேட்டுவிட்டு நின்றாள். எதிர் வரிசைக் கடையைக் கைகாட்டினேன். வாடகைப் பாக்கி பன்னிரண்டாயிரம். மேசையையும் பைண்டிங் சாமானையும் கடலூருக்கு ஏற்றிவந்த வண்டிக்கு ஆயிரத்து இருநூறு. பீரோ காலி.

இப்போதும் அதே பஸ்ஸில்தான் சிதம்பரம் போகிறேன். நான் கைகாட்டிய அந்தக் கடையில்தான் வேலை. தாளை அடுக்குகிறேன், ஸ்பைரல் போடுகிறேன், பக்கம் மாறியிருந்தால் சொல்கிறேன். முதலாளி நல்லவர்தான். ஆனாலும் மிஷின் பேப்பர் சிக்கி நின்றால் அவருக்கு முன்னால் நான் ஓடுகிறேன், என்னுடைய மிஷின் போல.

என் போனுக்கு இன்னும் செய்தி வருகிறது: மெம்பர்களுக்கு மட்டும், நாளை பகல் பன்னிரண்டு மணி, தயாராகுங்கள். கணக்கை நிறுத்தியவர்களுக்கு என்னைக் கூப்பிடுவதை நிறுத்தத் தெரியவில்லை.

மச்சான் ஒருநாளும் பணத்தைப் பற்றிக் கேட்டதில்லை. போன மாதம் வந்தபோது, "வாணாம் விடு மாமா" என்று நான் கொடுத்த ஐநூறைத் திருப்பி என் சட்டைப் பையில் திணித்தான். நான் மறுபடியும் அவன் வண்டி டேங்க் கவரில் வைத்தேன். இதுவரை மூன்று முறை ஐநூறு கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு அவன் குறிஞ்சிப்பாடி விலாசத்தைப் போட விட்டிருந்தால் ஒன்றாவது தப்பியிருக்குமோ என்று அவனிடம் இதுவரை கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

அவனுக்கு இன்னும் தர வேண்டியது ஆறாயிரம் ரூபாய்.