நாலாம் நம்பர் தறியின் தில்லானா

இதுவரை நான் ஏழு உருப்படிகள் இயற்றியிருக்கிறேன். ஒரு வர்ணம், ஐந்து கீர்த்தனைகள், ஒரு தில்லானா. சங்கரன்கோவிலில் பெண்கள் பள்ளிப் பாட்டு டீச்சர் ஒருத்திக்கு இது ஒன்றும் குறைவில்லை என்றே நினைத்திருந்தேன். போன வருஷம் எங்கள் ஊர்ச் சங்கீத சபையின் செயலாளர் போனில் அழைத்து, ஏழையும் ஒரே கச்சேரியாகப் பாடுங்கள் என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து அவர் சொன்னதைக் கேட்டதும் அதில் பாதி இறங்கிவிட்டது.

"ஒவ்வொண்ணுக்கு முன்னாலயும், அது எப்படிப் பிறந்துச்சுன்னு ரெண்டு நிமிஷம் பேசணும் டீச்சர். தெய்வ அனுக்கிரகம், மனசு உருகினது, அந்த மாதிரி. ஜனங்க அதத்தான் ரசிக்காவ."

சரி என்று சொல்லிவிட்டு ஒரு காகிதத்தை எடுத்து உண்மையை எழுதிப் பார்த்தேன். மோகன வர்ணம்: ரயில்வே கேட்டில் ஸ்கூட்டரோடு நின்றபோது. வரவேண்டிய ரயில் வரவேயில்லை, மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. எட்டரைக்குப் பள்ளிக்குப் போகவேண்டியவள் எட்டே முக்கால் வரை அதற்கு ஸ்வரம் போட்டுக்கொண்டிருந்தேன். சஹானா கீர்த்தனை: சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று என் கணவர் சொன்னதற்கு மூன்று நாள் பேசாமல் இருந்தபோது. "ஏன் இந்த மௌனம்" என்று தொடங்கும் அந்தப் பாட்டில் அம்பாளிடம் முறையிடுவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். இப்படியே ஏழும். ஏழில் ஒன்றுகூடக் கோயிலில் பிறக்கவில்லை. இத்தனைக்கும் வீட்டிலிருந்து கோபுரம் கண்ணுக்குத் தெரியும் தூரம்.

என் கணவர் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். காகிதத்தை வாங்கி, பட்டா மாறுதல் மனுவைப் படிப்பது போல மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார்.

"ஏட்டி, இத மேடையில சொன்னா ஊருல தலைகாட்ட முடியாது."

"யாருக்கு? எனக்கா, உங்களுக்கா?"

"சாம்பார் வரைக்கும் எழுதியிருக்கியே, எனக்குத்தான்."

எல்லாவற்றையும்விடச் சங்கடமானது கடைசி உருப்படியான தில்லானா. அதன் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இந்தத் தெருவுக்குக் குடிவந்து நான்கு வருஷம் ஆகிறது. பக்கத்து வீட்டில் ஆறு விசைத்தறிகள். சேலையும் துண்டும் நெய்கிறார்கள். முதல் மாதம் முழுவதும் எனக்குத் தலைவலி. சாதகம் செய்ய உட்கார்ந்தால் என் குரல் எனக்கே கேட்காது. பிறகு பழகிவிட்டது. பழகிய பிறகுதான் அந்த ஆறில் ஒரு தறி மட்டும் நொண்டுவதைக் கவனித்தேன். தறியில் ஊடைநூலைச் சுமக்கும் நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பாய்ந்து திரும்பும்போது சத்தம் 'டக் டக்' என்று சமமாக விழவேண்டும். இது அப்படி விழவில்லை. போகும்போது அவசரமாகப் போய், வரும்போது ஒரு நொடி யோசித்துவிட்டு வந்தது. எண்ணிப் பார்த்தேன். மூன்றும் நான்கும். தகிட, தகதிமி. சுத்தமான மிஸ்ர சாபு! மிருதங்கம் படிக்கிற பிள்ளைகள் வருஷக்கணக்கில் தொடையில் தட்டித் தட்டிப் பழகும் தாளம், சுவருக்கு அந்தப் பக்கம் மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அதன்மேல் ஹம்சானந்தியில் பல்லவி ஒன்று தானாக வந்து உட்கார்ந்தது. அனுபல்லவி மறுநாள் வந்தது. அந்த அனுபல்லவியின் கடைசியில் ஜதி சட்டென்று நின்றுவிடும், ஒரு சொல் குறையும். கேட்டவர்கள் அதை எடுப்பான நுட்பம் என்று பாராட்டியிருக்கிறார்கள். அன்று அந்த இடத்தில் கரண்ட் போனது.

சரணம் மட்டும் மீதி. ஒரு திங்கட்கிழமை பள்ளி விட்டு வந்து நோட்டுப்புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்தால், ஆறு தறிகளும் ராணுவ அணிவகுப்பு மாதிரி ஒரே சீராக ஓடின. நொண்டியைக் காணோம். இரண்டு நாள் காத்திருந்தேன். மனசுக்குள் தாளம் போட்டுப் பார்த்தேன். கையால் போடும் தாளத்துக்கு அந்த யோசனை வரவில்லை. மூன்றாம் நாள் பொறுக்கமுடியாமல் பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

தறிக்கார அண்ணாச்சி வாசலில் நூல் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார். அதுவரை அவரோடு 'வாரேன், போறேன்' தவிர எதுவும் பேசியதில்லை. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வாங்க டீச்சர். இப்ப சத்தம் பரவாயில்லையா?"

"என்ன அண்ணாச்சி?"

"நீங்க பாடும்போது நிப்பாட்டி நிப்பாட்டிப் பாடுதியளா, எங்க வீட்டுல சொன்னா, 'அந்த நாலாம் நம்பர் தறி தட்டுத தட்டுல டீச்சருக்குப் பாட்டு தடுக்குது, அதச் சரி பண்ணுங்க'ன்னு. ஃபிட்டர வரச்சொல்லி, தோல் பட்டையெல்லாம் மாத்திட்டேன். உங்களுக்காவத்தான்."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நான் நிறுத்தி நிறுத்திப் பாடியது அந்தத் தறியோடு சேர்ந்து பாடுவதற்காக. அதை எப்படிச் சொல்வது? அவருடைய மனைவி காபியோடு வந்துவிட்டார். பாதிக் காபியை ஊதி ஊதிக் குடித்தபின் தைரியம் வந்தது.

"அண்ணாச்சி, தப்பா நினைக்கக்கூடாது. அந்தத் தறி முன்ன ஓடுன மாதிரி ஓடணும்."

"எப்படி, நொண்டிக்கிட்டா?"

"ஆமா."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்த்தார். நான் டம்ளரைப் பார்த்தேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன். தொடையில் தட்டி, பல்லவியைப் பாடியே காட்டினேன். பாடி முடித்ததும் அந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். உள்ளேயிருந்து சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. கண்ணை மூடி, தலையை ஒருபக்கம் சாய்த்து, "நாலாம் நம்பரேதான்" என்றார்.

உடனே ஃபிட்டருக்குப் போன் போட்டார். "வே, திங்கக்கிழமை மாட்டுன பட்டையக் கொஞ்சம் தளத்தி விடும்... ஆமாவே, தளத்தணும்... நல்லாத்தான் ஓடுது, அதான் பிரச்சன." அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, அண்ணாச்சி போனை வைத்துவிட்டு, "வேற ஆளப் பாக்கச் சொல்லுதான்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே பட்டையைத் தளர்த்தினார். மற்ற ஐந்து தறிகளையும் நிறுத்திவிட்டு, நாலாம் நம்பரை மட்டும் ஓடவிட்டார். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நூல் தூசியில் தும்மிக்கொண்டே முக்கால் மணி நேரத்தில் சரணத்தை எழுதி முடித்தேன். அதுவரை அவர் தறியின் பக்கத்தில் நின்று, பிரசவ அறைக்கு வெளியே நிற்பவரைப் போல, "வந்துட்டா? வந்துட்டா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த முக்கால் மணி நேரத்தில் நெய்த துணி முழுக்க வரிவரியாக ஓடியிருந்தது. அதைக் கிழித்துத் தறி துடைக்க வைத்துக்கொண்டார்கள்.

இதை எப்படி மேடையில் சொல்வது என்றுதான் என் பயம். கடைசியில் என் கணவர் சொன்னபடி செய்தேன். அவர் அலுவலக நடையில் ஏழு அனுபவங்களை எழுதிக் கொடுத்தார். தில்லானாவுக்கு அவர் எழுதியது இது: ஆடித்தபசுத் திருவிழா நாளில், கூட்டத்தில் கண்மூடி நின்றவேளையில், கோயில் நகராவின் முழக்கம் நெஞ்சில் இறங்கி ஜதியாக மலர்ந்தது. படிக்க நன்றாகவே இருந்தது.

கச்சேரி ஒரு கல்யாண மண்டபத்தில். வழக்கமாகச் சபைக் கச்சேரிக்கு நாற்பது பேர் வருவார்கள். அன்று மண்டபம் நிறைந்திருந்தது. செயலாளருக்கு ஆச்சரியம். எனக்கும்தான். ஆனால் மேடையில் உட்கார்ந்ததும் காரணம் தெரிந்துவிட்டது. இரண்டாவது வரிசையில் தறிக்கார அண்ணாச்சி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில். பக்கத்தில் அவர் மனைவி. அவர்களுக்குப் பின்னால் எங்கள் தெரு, அதற்குப் பின்னால் அடுத்த தெரு, எல்லாம் தறிக் குடும்பங்கள். யாரும் ராகத்துக்காக வந்தவர்கள் இல்லை.

வர்ணத்தைப் பற்றி ஒரு பொய் சொன்னேன். தலையாட்டினார்கள். சஹானாவைப் பற்றி ஒரு பொய் சொன்னேன். முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்றாம் வரிசையில் என் கணவர் அந்த அம்மாளைப் பெருமையோடு பார்த்தார். எழுதியது அவர் அல்லவா. இப்படியே ஆறும் முடிந்து தில்லானாவுக்கு வந்தோம். நான் தொண்டையைச் செருமியதும் அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்து, பின்னால் திரும்பிச் சொன்னது மேடை வரைக்கும் கேட்டது.

"இப்ப வரும் பாரு, நம்ம தறி."

நான் காகிதத்தைப் படிக்க ஆரம்பித்தேன். ஆடித்தபசு, கூட்டம், நகரா. நிமிர்ந்து பார்த்தபோது அண்ணாச்சி தன் கையிலிருந்த அழைப்பிதழைப் புரட்டிக்கொண்டிருந்தார், தவறான கச்சேரிக்கு வந்துவிட்டோமா என்று பார்ப்பவர் மாதிரி. முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பாடிவிட்டு இறங்கியிருப்பேன். அந்த அக்கா அவர் கையை லேசாகத் தட்டி ஏதோ சமாதானம் சொன்னார். நான் காகிதத்தை மடித்து வைத்தேன்.

மைக்கில் சொன்னேன். "இவ்வளவு நேரம் நான் சொன்னது எல்லாமே பொய்."

 செயலாளர் எழுந்து நின்றுவிட்டார். நான் நிறுத்தவில்லை. ரயில்வே கேட்டைச் சொன்னேன். சாம்பாரைச் சொன்னேன். அப்போது என் கணவர் குனிந்து செருப்பைத் தேட ஆரம்பித்தார். கண்ணைத் துடைத்த அம்மாள் முதலில் சிரித்தார், பிறகு எல்லோரும். கடைசியாகத் தறிக்கு வந்து, "இந்தத் தில்லானாவுக்குத் தாளம் கொடுத்தது எங்க பக்கத்து வீட்டு மூணாம் நம்பர் தறி" என்றேன்.

அண்ணாச்சி எழுந்தார். "டீச்சர், மூணு இல்ல, நாலு."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. எங்கள் மிருதங்கக்காரர் தென்காசியிலிருந்து வந்தவர், சிரிப்பு வராத மனிதர். அவர் மேடையிலிருந்தே, "ஐயா, அந்தத் தறி என்ன வேகத்துல ஓடும்? கொஞ்சம் தட்டிக் காட்டுங்களேன்" என்றார். அண்ணாச்சி முன்னிருக்கையின் முதுகில் தட்டிக் காட்டினார். தகிட, தகதிமி. துளி பிசகவில்லை. ஆனால் நான் வழக்கமாகப் பாடுவதைவிடக் கால்வாசி வேகம் கூடுதல்.

"டீச்சர் இத்தன நாளும் மெதுவாப் பாடியிருக்காவ," என்றார் அண்ணாச்சி. "நம்ம தறி அவ்வளவு சோம்பேறி இல்ல."

மிருதங்கக்காரர் அந்த வேகத்திலேயே எடுத்துவிட்டார். பின்னால் ஓடுவதைத் தவிர எனக்கு வழியில்லை. சரணத்தில் ஒரு இடத்தில் நாக்கு சிக்கி, 'தீம்' என்பது 'தீன்' ஆனது. யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. மண்டபமே தாளம் போட்டுக்கொண்டிருந்தது. மிஸ்ர சாபுவுக்குத் தாளம் போடும் பழகிய ரசிகர்களே சாதாரணமாகப் பாதியில் கைவிட்டுவிடுவார்கள். அன்று இருநூறு பேர், பெயரே தெரியாத ஒரு தாளத்தை, தறிக்கூடத்தில் பழகிய கையால், கடைசிவரை விடாமல் போட்டார்கள். என் வாழ்க்கையில் நான் பாடிய மிக வேகமான, மிகச் சந்தோஷமான கச்சேரி அதுதான்.

செயலாளர் மறுநாள் காலையில் வீட்டுக்கே வந்தார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து என் கணவரை முன்னால் அனுப்பினேன். செயலாளரோ வாசலில் நின்றபடி, "சார், உப்பு நெசமாவே கூடித்தான் இருந்துச்சா?" என்று கேட்டார். தாலுகா அலுவலகத்திலும் இன்றுவரை அதையே கேட்கிறார்களாம். பட்டா மாறுதலுக்கு வருகிறவர்கள்கூட.

அதற்குப் பிறகு எனக்கு வேறு ஒரு தொல்லை தொடங்கியிருக்கிறது. ஊரில் பாதிப் பேருக்கு இப்போது பாட்டில் இடம் வேண்டும். தையல்கடைக்காரர் தன் மெஷினைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுகிறார். பேருந்து நிலையத்தில் கோவில்பட்டி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிறவர், என்னைப் பார்த்தால் மட்டும் ராகம் போட்டுக் கூப்பிடுகிறார். எல்லோரையும்விட விடாப்பிடியானவர் மாவு மில்லுக்காரர். போன வாரம் மிளகாய் வற்றல் திரிக்கப் போனபோது எனக்கென்று ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டார். மரியாதைக்கு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மெஷின் 'கிர்' என்று ஒரே சுருதியில் கத்தியது. தாளமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. கண்ணில் நீர் வழிய ஆரம்பித்ததும் அவர் மெஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்.

"வந்துட்டா டீச்சர்?"

"இல்ல அண்ணாச்சி. மிளகா நெடி."

"அப்ப நாளைக்கு வாங்க," என்றார். "நாளைக்கு மல்லி திரிக்கோம்."