யாழினியின் சைக்கிளில் இருபத்து மூன்றாம் நம்பர்

வெல்டர் வீரமலைக்கு ஓட்டையைக் கண்டால் ஆகாது. இருபத்தெட்டு வருஷமாகத் துவாக்குடிப் பக்கம் பாய்லர் குழாய் ஒட்டுகிறவர். குண்டூசி முனை அளவு ஓட்டை விட்டாலும் எக்ஸ்ரே காட்டிக்கொடுத்துவிடும். அறுத்துவிட்டு மறுபடியும் ஒட்ட வேண்டும். சேர்ந்த புதிதில் அவருடையதை இரண்டு தடவை அறுத்தார்கள். அதற்கப்புறம் ஒன்றுகூட இல்லை.

ஒட்டி முடித்ததும் பக்கத்திலேயே வெல்டர் தன் நம்பரை இரும்பு அச்சால் தட்டிப் பஞ்ச் அடிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். நாளைக்கு விட்டுப்போனால் யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டுமே, அதற்குத்தான். வீரமலையின் நம்பர் இருபத்து மூன்று. மற்றவர்கள் அந்த நம்பரை வேண்டாவெறுப்பாக அடிப்பார்கள். இவர் மட்டும் கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுகிற மாதிரி ஆற அமர அடிப்பார்.

உப்பிலியபுரத்திலிருந்து ஐ.டி.ஐ. படிக்க வந்து, அப்படியே ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டில் தங்கிவிட்ட குடும்பம். மனைவி ஜோதி, ஒரே மகள் யாழினி. ஒன்பதாவது படிக்கும்போது யாழினி சைக்கிள் ரேசுக்குப் போக ஆரம்பித்தாள். வீரமலை குதித்த குதி கொஞ்சமல்ல. பொம்பளப் பிள்ளை டவுசர் போட்டுக்கொண்டு ஹைவேஸில் ஓட்டுவதா என்று ஆறு மாதம் மகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் இரண்டு மெடல் வந்தது, பேப்பரில் போட்டோ வந்தது, கம்பெனியில் நாலு பேர் விசாரித்தார்கள். அவர் மனசு மாறினார். ஆனால் அதற்குள் மகளுக்கு அப்பாவிடம் எதையும் கேட்கிற பழக்கமே போயிருந்தது.

பன்னிரண்டாவது முடிக்கிற நேரத்தில் புது ரேஸ் சைக்கிள் வந்தது. சிங்கப்பூரில் இருக்கும் ஜோதியின் தம்பி வாங்கித் தந்தது. எந்த சைக்கிள் என்று தேர்ந்தெடுத்தவர் கோச் மாதவன். மாநில அணிக்கு ஆள் எடுக்கும் டிரையலுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அடுத்த வருஷம் யாழினிக்கு வயது தாண்டிவிடும். இதை விட்டால் அந்தப் பிரிவில் வேறு வாய்ப்பில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தில் வீரமலையுடையது என்று ஒரு நட்டுகூட இல்லை. வெளியே சிரித்துக்கொண்டிருந்தாலும் உள்ளுக்குள் அது உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

அன்று சாயங்காலம் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, செல்போன் வெளிச்சத்தில் அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்.

"ஏம்மா, பெடலுக்கு அடியில ஓட்டை இருக்கே. இதை எப்படி பாஸ் பண்ணான்?"

"அது மழைத் தண்ணி வடியறதுக்குப்பா."

"இந்த ரெண்டு ஸ்க்ரூ எதையும் பிடிக்கலையே, சும்மா இருக்கு."

"வாட்டர் பாட்டில் மாட்டறதுக்கு." யாழினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பிரேக் ஒயரைக் காணோமேம்மா."

"ஃபிரேமுக்குள்ளயே போகுதுப்பா. ஐயோ, அம்மா, இங்க வந்து பாரேன், அப்பா இன்ஸ்பெக்‌ஷன் பண்றாரு."

ஜோதியும் சிரித்தாள். நாலாவதாக ஒன்று கேட்க வேண்டியிருந்தது. பின் சக்கரத்துப் பக்கம், கியர் முழுவதும் ஒரு சின்னத் தகட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தகடோ கட்டைவிரல் அகலம்தான். அதை ஃபிரேமோடு ஒட்டக்கூட இல்லை, ஒற்றை ஸ்க்ரூவில் நிறுத்தியிருந்தான். அதைத் தொட்டு அசைத்துப் பார்த்தார். "அதைத் தொடாதீங்கப்பா" என்று சொல்லிவிட்டு யாழினி போன் வந்து உள்ளே போய்விட்டாள். ஏன் தொடக்கூடாது என்று இவர் கேட்கவில்லை. மூன்று கேள்விக்குச் சிரித்தாயிற்று, நாலாவதற்கும் சிரிப்பார்கள். வாயைத் திறந்து கேட்டிருந்தால் அரை நிமிஷத்து வேலை. ரோஷம் விடவில்லை.

டிரையலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் வேண்டிக்கொள்ள சமயபுரம் போனார்கள். வீரமலை சைக்கிளை லோடு ஆட்டோவில் ஏற்றி, அரியமங்கலத்தில் தெரிந்தவர் பட்டறைக்குக் கொண்டுபோனார். கியரைக் கழற்றி வைத்தார். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, தகட்டை ஃபிரேமோடு சேர்த்துச் சுற்றிவர ஒட்டினார். அலுமினியம் முரண்டு பிடிக்கிற உலோகம். ஆனால் அன்றைக்குக் கை அப்படி வந்தது. பட்டறைக்காரரே வந்து பார்த்து, "அண்ணே, இதைக் கண்ணாடி ஃபிரேம் போட்டுச் சுவத்துல மாட்டலாம்ண்ணே" என்றார். பழக்கதோஷம், வீரமலை சட்டைப் பையிலிருந்து நம்பர் பஞ்ச்சை எடுத்து இருபத்து மூன்றை அடித்தார். அதன்மேல் கறுப்பு பெயின்ட்டைப் பூசி, கியரை மாட்டி, அவர்கள் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் வீட்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

யாரிடமும் சொல்லவில்லை. ஜெயித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார். அந்த ஒரு வாரமும் மகள் அதில் ஏறிப் போகும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

டிரையல் சமயபுரம் தாண்டி பைபாஸில், காலை ஆறரைக்கு. ஒவ்வொருத்தராகக் கிளம்ப வேண்டும்; யாழினிக்கு ஏழேகால். வீரமலையும் கூடப் போயிருந்தார். உடம்பைச் சூடுபடுத்த ஓட்டிக்கொண்டிருந்தபோது கரூரிலிருந்து வந்த ஸஹ்ராவின் சக்கரம் யாழினியின் சக்கரத்தில் உரசியது. இரண்டு பேரும் வலது பக்கமாகச் சாய்ந்தார்கள். பெரிய அடியில்லை, முழங்கையில் சிராய்ப்புதான். இரண்டு பேர் கியரும் தார் ரோட்டில் மோதியது.

ஸஹ்ராவின் சைக்கிளில் அந்தச் சின்னத் தகடு பட்டென்று முறிந்துவிட்டது. அவள் பதறவில்லை. சீட்டுக்குக் கீழே இருந்த பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தாள். உள்ளே அதேபோல இன்னொரு தகடு. மாதவன் ஸ்க்ரூவைத் திருகி அதை மாட்டினார். பத்து நிமிஷத்தில் ஸஹ்ரா வரிசையில் போய் நின்றாள்.

யாழினியின் தகடு முறியவில்லை. அது எப்படி முறியும்? பட்ட அடி முழுவதும் ஃபிரேமுக்குப் போய், ஒட்டுக்குப் பக்கத்திலேயே குழாய் பிளந்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. பின் சக்கரம் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

மாதவன் குனிந்து பார்த்தார். நகத்தால் பெயின்ட்டைச் சுரண்டினார்.

"இதை யாரு வெல்டு வச்சது? இது உடையறதுக்குன்னே வச்சிருக்கற பீஸும்மா. கீழ விழுந்தா இது போகும், ஃபிரேம் தப்பிக்கும். யாராவது இதைப் போய் ஒட்டுவாங்களா?"

வீரமலைக்கு அந்தப் பிளவைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஒட்டு நிற்கும், சூடுபட்ட பக்கத்து உலோகம்தான் பலம் போய் முதலில் விடும். கம்பெனிக்கு வரும் புதுப் பையன்களுக்கெல்லாம் அவரே சொல்கிற பாடம் அது. மகளுடைய சைக்கிளில் கை வைக்கும்போது அது நினைவுக்கு வரவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

பெயின்ட்டுக்கு அடியில் இருந்த நம்பரை யாழினிதான் முதலில் கண்டாள். சின்ன வயதில் அப்பாவின் நம்பர் பஞ்ச்சை எடுத்துக் களிமண்ணில் அடித்து விளையாடியவள். இரண்டும் மூன்றும் அங்கே தெளிவாக இருந்தன.

"எதுக்குப்பா?"

"கழண்டு விழுந்துடக் கூடாதேன்னுதாம்மா."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா."

வேறு சைக்கிள் கிடைக்குமா என்று மாதவன் ஓடிப் பார்த்தார். அவள் உயரத்துக்கு எதுவும் அமையவில்லை. ஏழேகாலுக்கு மைக்கில் யாழினி பெயரை இரண்டு தடவை கூப்பிட்டார்கள். அப்புறம் அடுத்த பெயர். ஸஹ்ரா அன்றைக்கு மூன்றாவதாக வந்து அணியில் இடம் பிடித்தாள்.

பிளந்த சைக்கிளை லோடு ஆட்டோவில் போட்டு வீட்டுக்கு வந்தார்கள். வீட்டில் ஜோதி தட்டில் ஆரத்தி கரைத்து வைத்திருந்தாள். மகள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டை உள்ளே எடுத்துப் போனாள்.

யாழினி அழவில்லை, அழுதிருந்தால் வீரமலைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சீட்டுக்குக் கீழே இருந்த பையைப் பிரித்தாள். அதிலும் அதேபோல ஒரு பொட்டலம் இருந்தது. சைக்கிளோடு சேர்ந்து வந்தது. அதை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதையும் எங்கயாவது வெல்டு வச்சிருங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.