என் கணினியில் எனக்கே அனுமதி இல்லையாம்!

போன வாரம் என் எம்பிராய்டரி கடை வாசலில் சரவணன் போட்ட சத்தத்தில், எதிர்க்கடைக்காரர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்தார்.

"என்னாக்கா இது? எங்க சட்டையில அவங்க பேரு!"

சரவணன் பிறை நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவர். காவடிக் குழுத் தலைவர். போன தைப்பூசம் முடிந்ததும் குழு சண்டை போட்டு இரண்டாக உடைந்தது. இவர் பக்கத்துக்குப் புதுப் பெயர். வேல் படம் மட்டும் அதே படம். அதனால் கணினியில் இருந்த போன வருட டிசைனிலேயே பெயரை மட்டும் மாற்றி, மாதிரிக்கு ஒரு மஞ்சள் சட்டை தைத்துக் காட்டினேன்... அதில் பழைய பெயர்!

"நீங்களும் அவங்க பக்கம் போயிட்டீங்களா? சாயங்காலத்துக்குள்ள சரியா வரலன்னா வேற கடைக்குக் குடுத்துருவேன்."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. மறுபடியும் பெயரை மாற்றினேன். சேவ் செய்தேன். மறுபடி திறந்து பார்த்தாலும் திரையில் புதுப் பெயர்தான். மெஷினுக்கு அனுப்பினால் மட்டும் பழையது. பேயா, பிசாசா?

புதுக் கணினியை விற்ற பஷீர் தம்பியைப் பிடித்தேன்.

"உங்க டிசைன் சாஃப்ட்வேர் 32 பிட் காலத்து சாமான்க்கா. இது 64 பிட். ஓடும் லா... ஆனா அது இருக்கிற ஃபோல்டர்ல எழுத விடாது. செக்யூரிட்டி. நீங்க சேவ் பண்றத வேற மூலையில கொண்டு போய் வெச்சிரும். மெஷினுக்கு அனுப்புற சாஃப்ட்வேர் புதுசு. அதுக்குப் பழைய ஃபைல்தான் தெரியும்."

நன்றாக இருக்கிறதே கதை! முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டு ஒளித்து வைப்பதா?

"பேசாம புது சாஃப்ட்வேர் எடுங்கக்கா. மாசா மாசம் கட்டினா போதும்."

"என்னுதுக்கு என்ன கேடு? ஓடுதுல்ல? எங்க வெச்சா எழுத விடும், அத மட்டும் சொல்லு தம்பி."

முனகினார். "சிஸ்டம் ஃபோல்டருக்கு வெளிய நீங்களே ஒரு ஃபோல்டர் போட்டு, அதுல இன்ஸ்டால் பண்ணுங்க. மெஷினுக்கும் அந்த இடத்தையே காட்டுங்க. ஆனா நான் பொறுப்பில்ல லா."

பொறுப்பு என்னுடையது. அப்படியே செய்தேன். பெயரை மாற்றி, சேவ் செய்து, மெஷினை ஓட்டினேன். முதல் எழுத்து விழும் வரை மூச்சு விடவில்லை... புதுப் பெயர்!

பாதுகாப்பு வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? திருடனுக்குப் பூட்டுப் போடுங்கள். வீட்டுக்காரியை ஏன் வாசலில் நிறுத்துகிறீர்கள்? எது மக்கர் செய்தாலும் 'புதுசு வாங்கு' என்பதே பதில் என்றால், அந்தப் பதில் எனக்கு வேண்டாம்.

சாயங்காலம் சரவணன் வந்தார். சட்டையை வெளிச்சத்தில் பிடித்து எழுத்து எழுத்தாகப் படித்தார். முகம் மலர்ந்தது. இந்தத் தைப்பூசத்தில் அவர் குழு தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஏறப்போவது என் சட்டையில்தான்.

போகும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அந்தப் பழைய பேர் சட்டைய யார் கண்ணுலயும் காட்டிராதீங்கக்கா."

அதைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன் — யாரிடமும் அனுமதி கேட்கவில்லை!