பச்சையாய் நின்ற திரை

அலுவலகத்தில் அவருக்குத் 'துருவி' என்று பட்டப்பெயர். எதையும் துருவித் துருவிக் கேட்பார் என்பதால் வந்தது. முகத்துக்கு நேரே மட்டும் 'அக்கா'. ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தின் சர்வர்களைக் கண்காணிக்கும் அறையில் பதினோரு வருட வேலை. இரண்டு பிரசவமும் அதற்கு நடுவில்தான்.

அந்த அறையில் சுவர் அகலத்துக்கு ஒரு திரை. அதில் நாற்பது கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு சர்வர். ஒழுங்காக ஓடினால் பச்சை, திணறினால் மஞ்சள், படுத்துவிட்டால் சிவப்பு. கட்டத்தின் மூலையில் பொடி எழுத்தில், கடைசியாகச் சரிபார்த்த நேரம் இருக்கும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை அது மாறும். நிறத்தைப் பார்ப்பவர்கள் அதைப் பார்ப்பதில்லை.

அன்று பிற்பகல் தண்ணீர் பிடிக்க எழுந்தவர், திரையை உரசிக்கொண்டு நடந்தார். கண்ணில் பட்டது 2.27. சுவர்க் கடிகாரத்தில் 2.31. அடுத்த கட்டத்தைப் பார்த்தார். 2.27. நாற்பதிலும் அதே 2.27. நாற்பதும் பச்சை.

சர்வர்களை நலம் விசாரித்துத் திரைக்குச் சேதி அனுப்பும் கம்ப்யூட்டரே நின்றுபோயிருக்கிறது. திரையோ கடைசியாகக் கேட்டதையே பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்தக் கம்ப்யூட்டர் இருந்த அலமாரியில்தான் அழைப்புகளை வாங்கும் சர்வரும் இருந்தது.

"சார், மாற்று சர்வருக்கு மாத்திடலாம்," என்றார் மேற்பார்வையாளரிடம்.

அவர் நிமிர்ந்து திரையைப் பார்த்தார். "எதுக்கு? எல்லாம் பச்சையாத்தானே இருக்கு?"

"அது நாலு நிமிஷத்துக்கு முந்தின பச்சை சார்."

"திரை மட்டும் நின்னு போயிருந்தா? மாத்துனா பேசிட்டு இருக்கிற கால் எல்லாம் அறுந்துடும். உயிர் போற நேரத்துல போன் பண்றவங்கம்மா அவங்க!"

அவர் சொன்னதும் நியாயம்தான். துருவி தன் கைபேசியில் ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்தினார். மணி அடிக்கவில்லை, துண்டிக்கவும் இல்லை. கிணற்றுக்குள் காதை வைத்தது மாதிரி இருந்தது. ஒருவேளை சிக்னல் கோளாறோ? அழைப்பு மையத்தில் வேலை செய்யும் தோழியின் சொந்த எண்ணைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார்.

"சொல்லுக்கா! என்ன இந்த நேரத்துல?"

"அங்க கால் வருதா?"

"அதிசயமா அஞ்சு நிமிஷமா ஒண்ணுமே இல்லக்கா. ஒரே அமைதி. டீ குடிக்கலாம்னு இப்பதான் எந்திரிச்சேன்."

மேற்பார்வையாளரின் முகம் வெளிறியது. "மாத்துங்க," என்றார். துருவியின் விரல் அதற்கு முன்பே பொத்தானில் இருந்தது.

மாற்று சர்வர் எழுந்து நிற்க ஒன்றரை நிமிடம். தோழியின் போனைத் துருவி இன்னும் துண்டிக்கவில்லை. திடீரென்று அந்தப் பக்கம் ஒரு மணி, இன்னொரு மணி, பிறகு எல்லா மேசையிலும் சேர்ந்து. "ஐயோ, வெச்சிடுறேன்க்கா!" என்று தோழி கத்தினாள்.

சர்வர் அலமாரிக்கு மின்சாரம் அற்றுப்போனதுதான் காரணம் என்று மாலைக்குள் தெரிந்துவிட்டது. ஏணியிலிருந்து விழுந்த ஒருவருக்காக அவர் மனைவி ஆறு முறை முயன்றிருக்கிறார். ஏழாவது முறைதான் கிடைத்தது. இடுப்பெலும்பு முறிவு, பிழைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் கூப்பிட்ட மற்றவர்களும் தப்பினார்கள்.

பாராட்டிக் கடிதம் கொடுத்தார்கள். துருவி அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, திரையில் ஒரு மாற்றம் வேண்டும் என்றார். ஒரு நிமிடம் சேதி வராவிட்டால் கட்டம் பச்சையாக இருக்கக் கூடாது, சாம்பல் நிறமாகிவிட வேண்டும்.

"சாம்பல்னா என்ன அர்த்தம்? ஓடுதா, ஓடலையா?" என்று மேலிடத்தில் கேட்டார்கள்.

"தெரியலைன்னு அர்த்தம் சார். தெரியலைன்னா எழுந்து போய்ப் பாப்போம்ல?"

அடுத்த வாரமே மாற்றினார்கள். முதல் நாளில் மட்டும் பதினேழு முறை சாம்பல் வந்தது. மேற்பார்வையாளர் முணுமுணுத்துக்கொண்டே, பதினேழு முறையும் எழுந்து போனார்.