அம்சவேணியின் குரல் இருந்த கார்டு

செவிலிமேட்டுல சந்தோஷ்குமார் வூடு எதுன்னு கேட்டீங்கன்னா, "அந்தப் பழைய கம்ப்யூட்டர்காரரா?"ன்னுதான் கேப்பாங்க. அவரு என் வூட்டுக்காரர். பட்டுப்புடவைக்கு டிசைன் போடுற கடைங்கள்ல கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்கறாரு. எங்களுக்குச் சோறு போடறது அந்த வேலை. ஆனா அவரு உசுரு வேற எடத்துல இருந்துச்சு.

முப்பது வருஷத்துக்கு முன்னாடி வந்த கம்ப்யூட்டருங்களுக்குள்ள ஒரு பச்சைப் பலகையைச் சொருகியிருப்பாங்க. கார்டுன்னு சொல்லுவாங்க. பாட்டு கேக்க ஒண்ணு, போன் லைனுக்கு ஒண்ணு, தறி டிசைனை அட்டையில ஓட்டை போடுற மிஷினுக்கு ஒண்ணு. செஞ்ச கம்பெனியே இல்லாம போயிருக்கும். உலகத்துலயே நாலோ அஞ்சோதான் மிச்சம் இருக்கும். அந்த மாதிரி கார்டு செத்துப்போச்சுன்னா ஜெர்மனியில இருந்துகூட இவருக்குப் பார்சல் வரும். இவரும் ஒரு மாசம், ரெண்டு மாசம் அதுக்கு முன்னாடி குந்திக்கினு இருப்பாரு. எனக்கு வவுறு எரியும். பீரோ வைக்க எடமில்ல, வந்தவங்க உக்கார எடமில்ல, எல்லாம் டப்பா டப்பாவா கார்டு. இருவது வருஷமா நான் திட்டாத நாள் கெடையாது. அவரு திருப்பி ஒரு வார்த்தை பேசினதில்ல, அதுவே எனக்கு இன்னும் எரிச்சலா இருக்கும்.

போன மாசி மாசம் முனிசாமி ஐயா வந்தாரு. பிள்ளையார்பாளையம். நெசவாளர் சொசைட்டி ஒண்ணுல டெலிபோன் ஆபரேட்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு. பொறந்ததுல இருந்தே கண்ணு தெரியாது. தொண்ணூத்தி நாலுல அவருக்காகவே சொசைட்டியில பேசுற கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கினாங்களாம். நம்பரைத் தட்டுனா "மூணு, எட்டு"ன்னு அது வாயால சொல்லும். மெட்ராஸ்ல ஒரு இஞ்சினியர் கையால செஞ்ச கார்டு. தமிழ்ல பேச ஒரு பொம்பளை குரல் வேணும்னு அந்தாளு கேட்டிருக்காரு. முனிசாமி ஐயா சம்சாரம் அம்சவேணி ரெண்டு நாள் உக்காந்து எழுத்து, நம்பர் எல்லாத்தையும் சொல்லிப் பதிஞ்சு குடுத்திருக்காங்க. ஏழுன்னு சொல்ல அவங்களுக்கு வராதாம், "ஏயு"ன்னுதான் வருமாம். இஞ்சினியர் பத்து வாட்டி சொல்லவச்சுப் பாத்துட்டு வுட்டுட்டாராம். இதைச் சொல்லும்போது ஐயா அப்படிச் சிரிச்சாரு.

சுனாமி வந்த வருஷம் அந்தம்மா தவறிட்டாங்க. செல்போன்ல குரலைப் புடிச்சு வச்சிக்கற காலமில்ல அது. சொசைட்டியில அந்தக் கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டப்போ, கார்டை மட்டும் கேட்டு வாங்கி வச்சிருந்தாரு. ஈரத்துல கெடந்து பச்சை பூத்துப்போயிருந்துச்சு. "ஒரு வாட்டி பேசினா போதும்பா"ன்னு என் வூட்டுக்காரர் கையைப் புடிச்சிக்கினாரு.

எந்தக் கார்டு வந்தாலும் அதுல இருக்கற சிப்பைக் கழட்டி, உள்ள என்ன இருக்குதோ அதை காப்பி எடுத்துட்டுத்தான் இவரு அடுத்த வேலையைத் தொடுவாரு. அந்தம்மா குரல் இருந்த இந்தச் சிப்புக்குக் காலெல்லாம் துருப்புடிச்சிருந்துச்சு. கழட்டினா ஒடிஞ்சிடும், மொதல்ல கழுவிக் காய வைக்கணும்னாரு. கழுவி அலமாரியில வச்ச மறுநாளே கிட்னி கல்லு வலி வந்து சுருண்டு வுழுந்தாரு. ஆஸ்பத்திரி, ஆபரேஷன், படுக்கைன்னு மூணு வாரம் போச்சு.

நடுவுல அலமாரியைத் தொறந்தப்போ பூஞ்சை வாடை அடிச்சுது. சிப்பு மேல ஒட்டியிருந்த பேப்பர் ஸ்டிக்கர் ஊறிப்போய் கருப்பா பூத்திருந்துச்சு. படுத்துக்கினு இருக்கற மனுஷனுக்கு நம்மளாலயும் ஒரு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு தோணுச்சு. ஸ்டிக்கரை நகத்தால சுரண்டி எடுத்தேன். அடியில சின்னதா ஒரு கண்ணாடி, மூக்குத்திக் கல்லு மாதிரி மின்னுச்சு. ஈரத் துணியால அதைத் தொடைச்சேன். தெனம் காலையில மாடிக்கு எடுத்துக்கினு போய் வெயில்ல வைப்பேன், சாயங்காலம் எடுத்துக்கினு வருவேன். பங்குனி வெயிலு, பன்னெண்டு நாளு. இருவது வருஷத்துல அவரு வேலைக்கு நான் செஞ்ச ஒரே ஒத்தாசை அதுதாங்க.

எழுந்து உக்காந்ததும் அவரு சிப்பு காலுக்கெல்லாம் கம்பி பத்தவச்சு, காப்பி எடுக்கப் பாத்தாரு. ஸ்க்ரீன் பூரா ஒரே எழுத்து திருப்பித் திருப்பி வந்துச்சு, உள்ள ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தமாம். என்னைக் கூப்ட்டாரு. "கிரேஸு, இதும்மேல ஒரு ஸ்டிக்கர் இருந்துச்சே?"ன்னாரு. நானும் பெருமையா எல்லாத்தையும் சொன்னேன். சிப்பைக் கையில எடுத்து அந்தக் கண்ணாடியைக் காட்டினாரு. அப்புறம் மெதுவாச் சொன்னாரு. அந்த மாதிரி சிப்புல பதிஞ்சதை அழிக்கணும்னா அந்தக் கண்ணாடி வழியா வெயில் காட்டினாலே போதுமாம். வெயில் படக்கூடாதுன்னுதான் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாங்களாம்.

திட்டுங்கன்னு கெஞ்சினேன். திட்டல. இஞ்சினியரைத் தேடினாரு. அவரு செத்து ஆறு வருஷமாச்சாம், அவரு வச்சிருந்ததையெல்லாம் புள்ளைங்க தூக்கிப் போட்டுட்டாங்களாம். அதே மாதிரி கார்டு வேற எங்கனா இருக்குதான்னு வெளிநாட்டுக்கெல்லாம் எழுதிக் கேட்டாரு. ஒருத்தரும் பாத்ததில்லைன்னுட்டாங்க. சோறு எறங்காம அவரு பாதியா எளைச்சிட்டாரு.

சித்திரையில முனிசாமி ஐயா மகன் கையைப் புடிச்சிக்கினு வந்தாரு. சலவைச் சட்டை, நெத்தி நெறைய விபூதி, கல்யாணத்துக்குப் போறவரு மாதிரி. என் வூட்டுக்காரர் என்னைக் காட்டிக்குடுக்க மனசில்லாம, சிப்பு பழசாயிடுச்சுங்கன்னு ஆரம்பிச்சாரு. என்னால தாங்க முடியல. நான்தாங்கய்யா அழிச்சேன்னு ஐயா கால்கிட்ட உக்காந்து எல்லாத்தையும் சொல்லிட்டேன். சொல்லி முடிச்சப்புறம் அவரு கையி காத்துல துழாவி என் தலை மேல வந்து நின்னுச்சு.

"அழாதம்மா. வேணும்னா செஞ்ச?"ன்னாரு.

மகன் அவரு தோளைத் தொட்டான். "வுடுப்பா, அம்மா போட்டோதான் வூட்ல பெருசா மாட்டியிருக்குதே"ன்னு சொல்லிட்டான்.

முனிசாமி ஐயா அவன் பக்கம் திரும்பினாரு.

"அது உனக்குடா. எனக்கு?"