வால்வு ரேடியோவில் ஒரு பொட்டு

ரேடியோ பாடிவிட்டது. வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதனால்தான் இன்னும் அதிகமாகக் குத்துகிறது.

செங்கல்பட்டில் என்னோடு வேலை பார்க்கும் நண்பனுக்குச் சதுரங்கப்பட்டினம் சொந்த ஊர். போன வருஷம் ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரமே அவனுடைய அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார். கடலுக்குப் போகிறவர். அவர் ஆசையாக வைத்திருந்த வால்வு ரேடியோ பல வருஷமாக ஊமையாகக் கிடந்தது. நண்பன் அதைக் கோணியில் சுற்றி பைக்கில் கொண்டுவந்தான்.

"மச்சான், வருஷ தெவசத்துக்குள்ள இத்த பாட வெச்சிக் குடுறா. அம்மா எந்நேரமும் இது பக்கத்துலயே குந்திகினு கீது. பாடிச்சின்னா கொஞ்சம் மனசு தேறும்" என்றான்.

எனக்கு இந்தப் பைத்தியம் உண்டு. ஊரப்பாக்கம் வீட்டில் ஒரு அறை முழுக்க வால்வும் கண்டென்சருமாகக் கிடக்கும். என் மனைவி அந்த அறையைப் பெருக்குவதையே விட்டுவிட்டாள். இந்த மாதிரி ரேடியோவுக்கு எடுத்த எடுப்பில் முழு கரண்ட் கொடுத்தால் டிரான்ஸ்பார்மர் புகைந்துவிடும். கரண்டை மட்டுப்படுத்த நடுவில் ஒரு குண்டு பல்பை சீரீஸில் போட்டு சுவிட்சைத் தட்டினேன். பல்பு பளீரென்று எரிந்தது. உள்ளே ஷார்ட். பில்டர் கண்டென்சர் செத்துப் போயிருந்தது. மாற்றியதும் பல்பு மங்கியது, வால்வுகள் சிவந்தன, சத்தம் மட்டும் வரவில்லை. அலைவரிசை மாற்றும் பேண்ட் சுவிட்சை உப்புக்காற்று தின்றிருந்தது. அதையும் தேய்த்துச் சுத்தம் செய்தபின் கரகரவென்று ஒரு குரல் நெல்லுக்கு உரம் போடுவதைப் பற்றிப் பேசியது. குதித்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். என் கை சும்மா இருக்காதே! பாடினால் போதுமா, பளபளக்க வேண்டாமா? மரப்பெட்டியின் வலது மூலையில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கெட்டியாக ஏறியிருந்தன. வருஷா வருஷம் பொட்டின் மேலேயே பொட்டு. மேலாக இருந்ததில் கட்டைவிரல் ரேகைகூடத் தெரிந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் துடைத்தேன். எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு முன்னால் பழைய பொட்டையெல்லாம் கழுவித் துடைத்துவிட்டுத்தான் புதிது வைப்போம். ஊருக்கெல்லாம் அதுதான் வழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். தின்னர் தொட்டுத் தேய்த்தேன், வார்னிஷ் அடித்தேன். கொண்டுபோகிற அன்று காலையில் குளித்துவிட்டு, அதே இடத்தில் என் விரலாலேயே சந்தனம் வைத்துக் குங்குமமும் இட்டேன். என்ன பெருமை எனக்கு!

நண்பன் வீட்டில் பாட வைத்ததும் அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். அவன் அம்மா பாட்டைக் கவனிக்கவில்லை. அந்த மூலையைத் தொடக் கையை நீட்டியவர், தொடாமல் நிறுத்திக்கொண்டார்.

"இது யாரு வெச்சது, நைனா?"

"நான்தாம்மா. பழசைத் துடைச்சிட்டுப் புதுசா வெச்சேன்."

"அவருதான் வெப்பாரு. வேற யாரையும் வெக்க வுடமாட்டாரு. அவரு வெரலு அதுல இருந்திச்சி."

நண்பன் தலையைக் குனிந்துகொண்டான். அவனும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி வைக்கவில்லையே என்று மனசு ஆறுதல் தேடியது. தப்பைப் பங்கு போடப் பார்க்கிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது. "மன்னிச்சிடுங்கம்மா" என்றேன். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குமிழைத் திருகி ரேடியோவை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தொடச்ச துணி கீதா, நைனா?"

வீட்டில் தேடிப் பார்க்கிறேன் என்றேன். அதை அன்று காலையில்தான் குப்பை வண்டியில் போட்டிருந்தேன்.