நாலு பத்துக்கு அடித்த மணி

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை கட்டுகிறவன் என்று என்னை நினைத்தால் இந்த இடத்திலேயே மூடி வைத்துவிடுங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துபோகாது. இதை எனக்குச் சொன்ன சுலக்ஷனா பேய் பிசாசுக்கு நடுங்குகிற பெண் இல்லை. கொழும்பில் நாலு வருஷம் தனியாக அறை எடுத்துத் தங்கித் துணிக்கடையில் வேலை பார்த்தவள். நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். தோட்டத்தின் பேரைச் சொல்லமாட்டேன். ஆட்களின் பேரையும் மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது கடைசியில் உங்களுக்கே தெரியும்.

அவளுடைய அம்மா காளியாயி, போன வருஷம் கார்த்திகை மாத மண்சரிவில் போனவர். அன்றைக்கு மூன்றாவது நாளாக விடாத மழை. மலையில் வேலை இல்லை. மூன்று மணிக்குக் காளியாயி கோதுமை மா வாங்கக் கடைக்குப் போனார். வீட்டில் அப்பா செல்லசாமி மட்டும். காற்றில் கதவு அடித்துக்கொள்கிறதே என்று உள்ளே கொண்டியைப் போட்டுவிட்டு, போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். தகரக் கூரையில் மழை கொட்டினால் லயம் என்கிற வரிசை வீடுகளுக்குள் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

நாலு பத்துக்குக் காளியாயி திரும்பி வந்து கதவைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். உள்ளே கேட்கவில்லை. சரி, மழை விடட்டும் என்று கீழ் லயத்தில் வேலாயி வீட்டுக்கு இறங்கிப் போனார். நாலு முப்பத்தைந்துக்கு மலை சரிந்தது. கீழ் லயம் முழுக்க மண்ணுக்குள் போய்விட்டது. பதினொரு பேர் உள்ளே. பத்து உடல்களை எடுத்தார்கள். காளியாயி மட்டும் கிடைக்கவில்லை.

தட்டியது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். வேலாயியின் மருமகள் கிருஷாந்தி அந்த நேரம் மாட்டுக்குப் புல் போட மேலே ஏறியதால் தப்பினாள். படியில் எதிரே இறங்கி வந்த காளியாயி அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

"தட்டித் தட்டி கை வலிக்குது புள்ள. மனுசன் எந்திரிக்கல."

பாவி மனுஷன் செல்லசாமியை அந்தப் பேச்சு தின்றுவிட்டது. சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. சுலக்ஷனா கொழும்பு வேலையை விட்டுவிட்டு வந்து, வீட்டிலேயே ஒரு தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு அப்பாவோடு இருந்தாள். மேல் லயமும் ஆபத்தான இடம் என்று சிவப்புப் பட்டி கட்டியிருந்தார்கள். கட்டிவிட்டால் போதுமா? வேறு எங்கே போவது? எல்லாரும் அதே வீடுகளுக்கே திரும்பி வந்திருந்தார்கள்.

இந்த வருஷம் சித்திரை கழிந்ததும் செல்லசாமி ஹட்டனுக்குப் போய்ப் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு கறுப்புத் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்தார். விரல் விட்டுச் சுற்றுகிற பழைய ரகம். உள்ளே இரண்டு பித்தளைக் கிண்ணங்கள், நடுவே ஒரு சின்னச் சுத்தியல். மனுஷன் தேயிலைத் தொழிற்சாலையில் இருபது வருஷம் மின்சார வேலை பார்த்தவர், கை சும்மா இருக்குமா? உடைந்த ரேடியோ ஒன்றின் ட்ரான்ஸ்போமரைக் கழற்றினார். வயரைச் சுவரோடு ஓட்டினார். வெளியே கதவு நிலையில் ஒரு பட்டன். அமுக்கினால் உள்ளே அலமாரி மேல் இருந்த தொலைபேசி வீடே அதிர அடித்தது.

லயமே கூடி வந்து சிரித்தது. "என்னா அண்ணே, இது தொரை பங்களாவா? இனிமே மணி அடிச்சுட்டுத்தான் உள்ள வரணுமோ?" என்றாள் கிருஷாந்தி.

"கடையில பாட்டுப் பாடுற பெல்லே இருக்கேப்பா" என்றாள் சுலக்ஷனா.

"அது மழையில கேக்காது."

அவ்வளவுதான் சொன்னார். யாருக்காக அந்த மணி என்று அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது. அடுப்படிக்குப் போய்ச் சத்தம் வராமல் அழுதாள்.

முதல் தடவை அடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை. வைகாசி மழை தொடங்கிய வாரம். மதியமே பனி இறங்கி வாசலில் இருந்த வாழை மரம்கூடத் தெரியவில்லை. சுலக்ஷனா ஸ்கூல் சட்டை ஒன்றுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள்.

ட்ரிங்...

ட்ரிங்...

இரண்டே தடவை. போய்த் திறந்தாள். யாரும் இல்லை. பனியும் மழையும்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு பத்து.

"ஈரம் பட்டு ஷோட் ஆகியிருக்கும்ப்பா" என்றாள். செல்லசாமி எழுந்தார். ஒரு துண்டுப் பொலித்தீனை எடுத்துப் பட்டனைச் சுற்றி இறுக்கக் கட்டிவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை மறுபடியும் மழை. மறுபடியும் நாலு பத்து. இரண்டு தடவை. இந்த முறை அவள் கதவருகிலேயே நின்றாள், ஒரே எட்டில் திறந்துவிட்டாள். ஆளில்லை. ஆனால் பொலித்தீன் அவிழ்ந்து கீழே கிடந்தது. பட்டனில் சிவப்பு மண். ஈர மண்... கட்டைவிரல் அளவுக்கு.

மழை இல்லாத நாளில் மணி அடிக்கவில்லை. மழை பெய்த நாளெல்லாம் அடித்தது. எப்போதும் நாலு பத்து. எப்போதும் இரண்டே தடவை.

கிருஷாந்தியிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

"யாரு கூப்பிட்டாலும் மூணாம் தரம் வரைக்கும் பேசாம இருக்கணும் சுலோ. மனுசங்கன்னா மூணாம் தரமும் கூப்பிடுவாங்க. மத்தது கூப்பிடாது. இது ரெண்டோட நிக்குதே... இது ஒங்கம்மா இல்ல. ஒங்கம்மா பேருல வேற என்னமோ வருது."

நீங்களும் நானும் சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்த பேச்சுத்தான். ஆனால் வாசலில் மணி அடிக்கிற வீட்டில் இருந்துகொண்டு அதைக் கேட்டால் எப்படி இருக்கும்? சுலக்ஷனாவுக்கு அன்றைக்கு ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு நாள், மலைத் தண்ணீர் விழுகிற பீலியிலிருந்து குடத்தை நிரப்பிக்கொண்டு வீட்டுக்குள் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அப்பா தொலைபேசியின் ரிசீவரைக் காதில் வைத்திருந்தார். கண்ணை மூடியிருந்தார்.

ரிசீவரின் வயரை அவர்தான் முன்பே வெட்டி எறிந்திருந்தார். மணியைத் தவிர அந்தத் தொலைபேசியில் எதுவுமே வேலை செய்யாது.

"என்னாப்பா செய்றீங்க?"

"கேட்டுப் பாரு."

வாங்கிக் காதில் வைத்தாள். மழைச் சத்தம். தகரத்தில் சடசடவென்று கொட்டுகிற மழை. சரி, வெளியே பெய்கிற சத்தம்தானே என்று வாசல் பக்கம் திரும்பினாள்.

வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அவள் ரிசீவரைப் போட்டுவிட்டாள்.

அதற்கு மறுநாள்தான் அந்த விஷயம் நடந்தது. நாலு பத்து. மணி இரண்டு தடவை அடித்தது. அவள் எழுந்திருக்கும் முன்பே அப்பா கதவைத் திறந்துகொண்டு ஓடினார். செருப்பில்லை, குடையில்லை. பனிக்குள் புகுந்து, சிவப்புப் பட்டியைத் தாண்டி, சரிவு தொடங்குகிற விளிம்புக்கே போய்விட்டார். அவள் பின்னாலேயே ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்தாள். அவர் குதிகாலுக்கடியில் மண் பொத்தென்று விட்டது. கீழே விழுந்த சத்தம் வெகு நேரம் கழித்துத்தான் கேட்டது.

"கூப்பிடுறா சுலோ. இந்தத் தரம் எனக்குக் கேட்டுச்சு."

"எனக்கு நீங்க ஒருத்தர்தாம்ப்பா இருக்கீங்க! வாங்கப்பா!"

இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். இந்த மணி ஒரு நாள் அப்பாவையும் கொண்டுபோய்விடும். அது உறுதியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை. மூன்றரை மணி. அப்பா மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போயிருந்தார். தையல் கத்தரியை எடுத்தாள். அலமாரிக்குப் பின்னால், வெளியே தெரியாத இடத்தில், வயரை வெட்டினாள்.

மூன்று ஐம்பதுக்கு மழை பிடித்தது.

அப்பா வந்து தொலைபேசிக்கு எதிரே உட்கார்ந்தார். அவள் கதவுக்குக் கொண்டி போட்டாள்.

நாலு ஐந்து.

நாலு எட்டு.

நாலு பத்து...

மணி அடிக்கவில்லை.

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். தொலைபேசியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் குனிந்து மெஷினை மிதித்தாள்.

நாலு இருபது. ஒன்றுமில்லை.

கூரையில் மழை. காது அடைக்கிற மழை. வேறு ஒரு சத்தமும் இல்லை.

நாலு முப்பத்தைந்து.

அப்பா எழுந்துபோய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. தேத்தண்ணி ஊற்றிக் குடித்தாள். பல மாசங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் காலை பீலிக்கரையில் கௌசி டீச்சர் அவளைக் கூப்பிட்டாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு முதல் நியமனம் கிடைத்து வந்து நாலே நாள். இவர்கள் வாசலுக்கு நேரே, மேல் ரோட்டில் இருக்கிற குவாட்டர்ஸில் தங்கியிருந்தாள். இங்கே நடந்த எதையும் அவளுக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"தங்கச்சி, கேக்கிறன் எண்டு குறை நினைக்காதேங்கோ. நேற்றுப் பின்னேரம் உங்கட வாசல்ல ஒரு அம்மா நிண்டவ. ஏன் கதவு திறக்கேல்ல?"

"எந்த அம்மா?"

"தலையில உரச்சாக்கு. கையில ஒரு பை. முதல்ல அந்தப் பட்டனை அமத்தி அமத்திப் பார்த்தவ. பிறகு கையால தட்டினவ. சுலோ, சுலோ எண்டு பத்துத் தரமாவது கூப்பிட்டிருப்பா. பாவமாக் கிடந்தது."

குடத்தில் தண்ணீர் நிறைந்து வழிந்தது.

"நான் குடையோட இறங்கிப் போய், எங்கட வீட்டில வந்து இருங்கோ அம்மா எண்டன். வேண்டாமாம். கீழ் லயத்துக்குப் போறாவாம். சொல்லிப்போட்டு அந்தப் படியால இறங்கினவ..."

டீச்சர் அந்தப் படிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"காலமை நான் அங்க போய்ப் பார்த்தனான் தங்கச்சி. கீழ ஒரு லயமும் இல்லையே?"

சுலக்ஷனா ஓடினாள். குடத்தைக்கூட எடுக்கவில்லை. அப்பா இல்லாத நேரம் பார்த்து வயரைப் பழையபடி முறுக்கி ஒட்டினாள். பட்டனை அமுக்கினாள். வீடே அதிர அடித்தது. மணியில் ஒரு குறையும் இல்லை.

அதற்குப் பிறகு ஆடி முழுக்க மழை, ஆவணி முழுக்க மழை. அந்த மணி ஒரு தடவைகூட அடிக்கவில்லை.

வயரை வெட்டியதை அவள் அப்பாவிடம் சொல்லவில்லை. டீச்சர் சொன்னதையும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? என்னிடம் சொன்னபோதே மூன்று தடவை எழுந்து போய்விட்டாள். பேரை மாற்றுங்கள், அப்பாவுக்கு ஒரு காலமும் தெரியக்கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மாற்றிவிட்டேன்.

மழை பெய்கிற நாளில் செல்லசாமி இன்றைக்கும் நாலு மணிக்கே முகம் கழுவி, சட்டை மாற்றி, தொலைபேசிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். நாலரை வரைக்கும் பார்ப்பார். பிறகு மகளிடம் கேட்பார்.

"நான் தூங்கிட்டேன்னு இன்னும் எம் மேல கோவமா இருக்காளோ சுலோ?"

"உங்க மேல இல்லப்பா" என்று சொல்லிவிட்டு அவள் மெஷின் பக்கம் திரும்பிக்கொள்வாள்.